குடியை விட ஆதரவுக் குழுவைத் தேடுவோருக்கு: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதை எழுதுபவன் வைத்தியன் அல்லன். பதினேழு வருடம் குடித்து, இரண்டு முறை தானாக நிறுத்தி இரண்டு முறையும் தோற்று, மூன்றாம் முறை கிளினிக்குக்கும் அதன் பின் வாரந்தோறும் ஒரு குழுவுக்கும் போய் நிறுத்தியவன். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் குடிப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் நேரிலும் தொலைபேசியிலும் என்னிடம் கேட்டவற்றை இங்கே எழுதியிருக்கிறேன். மருந்து பற்றிய இடங்களில் வைத்தியர்கள் சொன்னதற்கு மேல் என் சொந்தக் கருத்து எதுவும் இல்லை. மற்ற இடங்களில் உண்டு.

ஆதரவுக் குழு என்றால் என்ன? பிடித்து அடைத்து வைக்கும் புனர்வாழ்வு நிலையமா?

இல்லை. இந்தக் கேள்வியை முதலில் வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. 2009 இல் போர் முடிந்த பிறகு வன்னியில் “புனர்வாழ்வு” என்ற சொல்லைக் கேட்டாலே பலருக்கு முள்வேலியும் பெயர்ப் பதிவும்தான் நினைவுக்கு வருகின்றன. ஆகவே குடியை விட உதவி இருக்கிறது என்று யாராவது சொன்னால், “எத்தினை மாதம் உள்ளுக்கு வைச்சிருப்பினம்?” என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஆதரவுக் குழு என்பது, குடியை விட்டவர்களும் விட விரும்புகிறவர்களும் வாரத்துக்கு ஒரு முறையோ இரு முறையோ ஒரு மணித்தியாலம், ஒன்றரை மணித்தியாலம் வட்டமாக உட்கார்ந்து, தங்கள் தங்கள் குடியைப் பற்றித் தாங்களே பேசுகிற கூட்டம். நடுவில் எழும்பிப் போனாலும் யாரும் மறிப்பதில்லை.

இந்த முறை 1935 இல் அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து அக்ரன் நகரில் தொடங்கியது. பங்குச் சந்தைத் தொழிலில் இருந்த பில் டபிள்யூ. என்பவரும், டொக்டர் பொப் என்று அழைக்கப்பட்ட சத்திரசிகிச்சை வைத்தியர் ஒருவரும், இருவருமே குடியால் கெட்டவர்கள், சந்தித்துப் பேசியபோது ஒன்றைக் கண்டுகொண்டார்கள்: குடிக்காதவர் சொல்லும் புத்திமதி ஏறாத காதிலும், குடித்துக் கெட்ட இன்னொருவர் தன் கதையைச் சொன்னால் அது ஏறுகிறது. அதுவே ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., என்று உலகெங்கும் பரவியது. அதில் சேர ஒரே ஒரு தகுதி போதும். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். எல்லாக் குழுக்களும் ஏ.ஏ. வழியைப் பின்பற்றுவதில்லை. வைத்தியசாலையின் மனநலப் பிரிவு நடத்தும் குழுக்களில் தாதியரோ உளவளத்துணையாளரோ கூட இருப்பார்கள். தேவாலயங்களைச் சார்ந்த குழுக்களில் செபமும் இருக்கும். உங்களுக்கு எட்டும் தூரத்தில் எது இருக்கிறதோ அதில் தொடங்குங்கள். எது உயர்ந்தது என்ற விவாதத்தைக் குடியை விட்ட பிறகு ஆறுதலாக வைத்துக்கொள்ளலாம்.

எனக்கு இது நோயா, வெறும் பழக்கமா? நான் பின்னேரத்தில் கள்ளு மட்டுமே குடிக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் தயாரித்த 10 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் மனநலக் கிளினிக்குகளில் இருக்கிறது. எவ்வளவு அடிக்கடி குடிக்கிறீர்கள், தொடங்கினால் நிறுத்த முடிகிறதா, காலையில் எழும்பியதும் ஒரு வாய் தேவைப்படுகிறதா, முதல் நாள் இரவு நடந்தது நினைவில் இல்லாமல் போகிறதா, குடியால் உங்களுக்கோ பிறருக்கோ காயம் ஏற்பட்டிருக்கிறதா என்ற வகையில் அவை போகும். மொத்தம் 40 புள்ளிகள். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி தீங்கு செய்யத் தொடங்கிவிட்டது என்றும், 20 அல்லது அதற்கு மேல் வந்தால் உடல் அதற்கு அடிமைப்பட்டிருக்கக்கூடும், வைத்தியர் பார்க்க வேண்டும் என்றும் கொள்கிறார்கள்.

அளவைப் பற்றி ஒரு கணக்குச் சொல்கிறேன். 180 மில்லிலீற்றர் கொண்ட கால் போத்தல் சாராயத்தில், மூன்றில் ஒரு பங்கு மதுசாரம் என்று வைத்தால், ஏறத்தாழ 47 கிராம் தூய மதுசாரம் இருக்கிறது. அந்தப் படிவம் ஓர் அளவு என்று எண்ணுவது 10 கிராமை. அதாவது “ஒரு கால்தானே எடுத்தனான்” என்கிறவர் கிட்டத்தட்ட ஐந்து அளவு எடுத்திருக்கிறார். கள்ளு இதைவிட இலேசானது என்பது உண்மை. ஆனால் இறக்கியதிலிருந்து நேரம் போகப் போக அது புளித்து வெறி ஏறும், இலேசானது என்பதாலேயே குடிக்கும் அளவும் ஏறும். பனையோலைப் பிளாவில் குடித்ததா கிளாசில் குடித்ததா என்று ஈரலுக்குத் தெரியாது. கள்ளச் சாராயமான கசிப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்: அதில் மெதனோல் கலந்திருந்தால் கண் பார்வையும் உயிரும் போகும், அதை மணத்தாலோ சுவையாலோ கண்டுபிடிக்க முடியாது.

என்னைக் கேட்டால், படிவத்துக்கு முன்பே ஒரு சோதனை இருக்கிறது. எத்தனை முறை “நாளையிலிருந்து இல்லை” என்று சொல்லியிருக்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். குடி பிரச்சினையாக இல்லாதவர் அப்படிச் சொல்வதே இல்லை.

நாளைக்கே முற்றாக நிறுத்திவிட்டுக் கூட்டத்துக்கு வரட்டுமா?

தினமும் குடிப்பவராக இருந்தால், வேண்டாம். முதலில் வைத்தியரைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலை மட்டும் வாசிக்க நேரம் இருந்தால் இதை வாசியுங்கள்.

நெடுநாள் குடித்துப் பழகிய உடல், குடி திடீரென்று நின்றவுடன் தாறுமாறாகத் துடிக்கத் தொடங்கும். கடைசியாகக் குடித்து 6 மணித்தியாலம் தொடக்கம் ஒரு நாளைக்குள் கை நடுக்கம், வியர்வை, வாந்தி, படபடப்பு, நித்திரையின்மை வரும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாட்களில் சிலருக்கு மனம் குழம்பி, இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணில் தெரிந்து, காய்ச்சலும் இதயத் துடிப்பும் ஏறி உயிராபத்து வரை போகும். வைத்தியர்கள் இதற்குச் சில நாட்களுக்கு மட்டும் டயசிபாம் போன்ற மருந்துகளைக் குறைத்துக் குறைத்துக் கொடுப்பார்கள்; மூளையைக் காப்பதற்குத் தயமின் என்ற விற்றமின் பி1 உம் கொடுப்பார்கள். இந்த மாத்திரைகளை வேறொருவருடைய கிளினிக் பையிலிருந்து எடுத்துப் போடக் கூடாது. குடித்த வயிற்றோடு அவை சேர்ந்தால் மூச்சே நின்றுவிடலாம்.

நான் இரண்டாம் முறை நிறுத்தியது தைப்பொங்கலுக்கு முதல் நாள் காலை. “பொங்கலோட புது மனுசன்” என்று வீட்டில் சொல்லிவிட்டிருந்தேன். பொங்கலன்று காலை, அடுப்புக்கு மூன்று கல் வைப்பதற்குக் குனிந்தவன் கோலத்தின் மேலேயே விழுந்தேன். வலிப்பு. மனைவி என் கைக்குள் திறப்புக் கோர்வையைத் திணித்துப் பிடித்துக்கொண்டிருந்தார் என்று பிறகு பிள்ளைகள் சொன்னார்கள். கொண்டுபோன இடத்தில் குடியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. கேட்டதற்கும் “இல்லை ஐயா, கோயில் குளத்துக்கு எப்பாவது” என்றேன். ஆகவே அவர்கள் வேறு நோய்க்கு மருந்து எழுதினார்கள், ஒரு கிழமையில் நான் மறுபடியும் கடை வாசலில் நின்றேன். வைத்தியரிடம் எத்தனை போத்தல், கடைசியாக எப்போது என்ற இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். வலிப்பு, குழப்பம், காய்ச்சல் எதுவும் கண்டால் 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்சைக் கூப்பிடுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

சரி, குழுவை வன்னியில் எங்கே தேடுவது?

குழுக்கள் கூடும் இடமும் நாளும் மாறிக்கொண்டே இருக்கும். கூடும் முன்பள்ளிக்கு விடுமுறை, மழைக்காலம், பொறுப்பாக இருந்தவர் இடம் மாறிப் போனது என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. ஆகவே விலாசங்களை விடக் கேட்க வேண்டிய கதவுகளைச் சொல்வதே பயன்.

முதல் கதவு மாவட்டப் பொது வைத்தியசாலையின் மனநலப் பிரிவு. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் மன்னாரிலும் அவை இருக்கின்றன. அவற்றின் வைத்தியர்கள் குறிப்பிட்ட நாட்களில் வெளியே உள்ள வைத்தியசாலைகளுக்கும் வந்து கிளினிக் நடத்துவதுண்டு. எந்த வைத்தியசாலையானாலும் வெளிநோயாளர் பிரிவில் துண்டு எடுத்து, “குடியை விட வந்திருக்கிறேன், மனநலக் கிளினிக்குக்கு அனுப்பிவிடுங்கள்” என்று சொன்னால் போதும். “மனநலம்” என்ற பலகையைக் கண்டு கூசுகிறவர்கள் அதிகம். அந்த வாங்கில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப்பேர் நித்திரை வராதவர்களும் தலையிடிக்காரரும்தான். கிளினிக்கில் கேட்க வேண்டியது இதுதான்: இங்கே குடியை விட்டவர்களின் குழு கூடுகிறதா, எந்தக் கிழமை, வீட்டாருக்கும் தனியாக உண்டா, இங்கே இல்லையென்றால் கிட்டிய இடம் எது?

அடுத்தது பிரதேச செயலகம். அங்கே உளவளத்துணை, சமூக சேவை ஆகியவற்றுக்குரிய உத்தியோகத்தர்கள் இருப்பார்கள். உங்கள் பகுதியின் குடும்ப நல உத்தியோகத்தருக்கும் பெரும்பாலும் தெரிந்திருக்கும். எந்த வீட்டில் யார் குடிக்கிறார் என்பது அவருக்குத் தெரியாத ஊரை நான் கண்டதில்லை, ஆனால் அதை அவர் வெளியே சொல்லிக் கேட்டதும் இல்லை.

போகவே கால் வரவில்லை என்றால் தொலைபேசி இருக்கிறது. தேசிய மனநல நிறுவகத்தின் 1926, தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையின் 1927 ஆகிய இரண்டு இலக்கங்களும் இதற்கானவை. எடுத்தவுடன் தமிழில் பேச வேண்டும் என்று சொல்லுங்கள். பங்குத்தந்தை, போதகர், அருட்சகோதரிகளிடம் கேட்பதற்கு அந்தச் சமயத்தவராக இருக்க வேண்டியதில்லை. இவற்றோடு தமிழ்நாட்டிலும் புலம்பெயர் நாடுகளிலும் உள்ள ஏ.ஏ. குழுக்கள் கைத்தொலைபேசி வழியாகத் தமிழிலேயே கூட்டம் நடத்துகின்றன. முகத்தைக் காட்டாமலும் கேட்கலாம். சிக்னல் கிடைக்கும் இடம் பார்த்துக் குளக்கட்டில் ஏறி நின்று கேட்டவர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார்.

எச்சரிக்கை ஒன்று. இத்தனை நாளில் மாற்றித் தருவோம் என்று காசு கேட்டு, வீட்டாரைப் பார்க்க விடாமல், அடித்தோ கட்டி வைத்தோ திருத்தும் இடம் எதுவும் ஆதரவுக் குழு அல்ல, சிகிச்சையும் அல்ல. அங்கிருந்து ஆளைக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கிட்டவே குழு இல்லை. கடைசி பஸ் நாலு மணிக்கே போய்விடும்.

துணுக்காய், ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் இருந்து வரும் எல்லோருடைய கேள்வியும் இதுதான். இரண்டு பேர் சேர்ந்தால் குழு, ஏ.ஏ. தொடங்கியதும் இரண்டு பேரோடுதான். கிளினிக்குக்கு வரும் நாளில் உங்கள் பாதையில் வரும் இன்னொருவரை உளவளத்துணையாளர் மூலம் தெரிந்துகொள்ளுங்கள், அவருடைய விருப்பத்தைக் கேட்டபின். மாதத்தில் ஒரு நாள் தூரத்துக் குழுவுக்கு, மற்றக் கிழமைகளில் அந்த ஒருவரோடு ஒரு மணித்தியாலம், நடுவில் தொலைபேசிக் கூட்டம் என்று ஒழுங்கு செய்தவர்கள் நிலைத்திருக்கிறார்கள். இருவரும் சேர்ந்து கிளினிக் முடிந்து பஸ் வரும்வரை நிற்கும் இடம் சாராயக்கடைக்கு எதிரே இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சிரிப்பதற்காகச் சொல்லவில்லை, அப்படித்தான் ஒருவரை ஒரு மாதம் இழந்தோம்.

ஊர் முழுக்கத் தெரிந்துவிடுமே?

குடிப்பது ஊருக்குத் தெரியும். வெறியில் வாய்க்காலுக்குள் கிடந்ததும், சைக்கிளை ஆரோ உருட்டிக்கொண்டு வந்து வீட்டில் விட்டதும் தெரியும். தெரியாதது, நீங்கள் அதை விட நினைக்கிறீர்கள் என்பது மட்டுமே. அதைத்தான் ஒளிக்கிறோம். தோற்றால் சிரிப்பார்களே என்ற பயம்தான் காரணம். எனக்கும் அதுதான் இருந்தது.

ஆனால் இந்தக் கேள்விக்குள் வன்னிக்கே உரிய இன்னொரு கேள்வியும் இருக்கிறது. மீள்குடியேறிய காலம் தொடக்கம் இங்கே எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் வாசலில் ஒரு வரவுத் தாள் இருக்கும். பெயர், அடையாள அட்டை இலக்கம், கையெழுத்து. முடிவில் பதாகையைப் பிடித்துக்கொண்டு ஒரு படம். அந்தத் தாள் எங்கே போகிறது, பிறகு யார் வந்து விசாரிப்பார்கள் என்று யோசித்தே பழகிவிட்டோம். ஆதரவுக் குழுவில் அந்தத் தாள் இல்லை. முதற்பெயர் போதும், அதுவும் சொந்தப் பெயராக இருக்க வேண்டும் என்பதில்லை. படம் எடுப்பதில்லை, எங்கள் குழுவில் கைத்தொலைபேசிகளை ஒரு பனையோலை உமலுக்குள் (பைக்குள்) போட்டு வாசலில் கொழுவிவிடுகிறோம். அங்கே கேட்டதையும் கண்டவரையும் வெளியே சொல்வதில்லை என்பது ஏ.ஏ. பெயரிலேயே இருக்கும் கட்டளை. அனானிமஸ் என்றாலே பெயர் வெளியிடாதவர் என்றுதான் பொருள். வழியில் சந்தித்தாலும், மற்றவர் கதைக்காவிட்டால் நாங்கள் கதைப்பதில்லை.

வைத்தியசாலைக் குழுவில் நிலைமை சற்று வேறு. அங்கே உங்கள் கிளினிக் கொப்பி இருக்கும். ஆனால் அது வைத்தியப் பதிவு, ஊருக்குக் காட்டுவதற்கு இல்லை. எந்தக் குழுவிலாவது வரவுத் தாளை நீட்டினால், இது யாருக்குப் போகிறது என்று கேளுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை இருக்கிறது.

முதல் நாள் என்ன நடக்கும்?

என் முதல் நாளைச் சொல்கிறேன். ஞாயிறு மூன்று மணி, ஒரு முன்பள்ளி. பெரிய கதிரைகள் ஆறுதான். மற்றவர்கள் நாலு வயதுப் பிள்ளைகளின் சிவப்பு, நீலப் பிளாஸ்டிக் கதிரைகளில், முழங்கால் நெஞ்சில் முட்ட உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் “அ – அம்மா, ஆ – ஆடு”. நான் மோட்டார் சைக்கிளை வாசலில் விடாமல் கோயில் மதிலோரம் விட்டுவிட்டு, பிள்ளையைச் சேர்க்க விசாரிக்க வந்தவன் போல எட்டிப் பார்த்தேன். வெள்ளைத் தாடிக்கார ஐயா ஒருவர் கேத்திலோடு எழும்பி வந்து, “வாங்கோ தம்பி, தேத்தண்ணிக்குச் சீனி போடுறதோ?” என்றார். என் பெயரையோ ஊரையோ அவர் கேட்கவில்லை. கோப்பை கையில் ஆடி, தேத்தண்ணி களுசானில் ஊற்றியது. யாரும் பார்க்காதது போல இருந்தார்கள். பிறகுதான் விளங்கியது, அங்கே எல்லோருடைய கையும் ஒரு காலத்தில் ஆடியதுதான்.

கூட்டம் அரை நிமிட அமைதியோடு தொடங்கியது. ஒருவர் தன் பெயரைச் சொல்லி, “நான் ஒரு குடிநோயாளி, இண்டைக்குக் குடிக்கேல்லை” என்றார். மற்றவர்கள் வணக்கம் சொன்னார்கள். ஒருவர் பேசும்போது குறுக்கே யாரும் பேசுவதில்லை, புத்திமதி சொல்வதில்லை, “உனக்கென்ன, எனக்கு நடந்ததைக் கேள்” என்று போட்டி போடுவதும் இல்லை. வன்னியில் நாலு ஆம்பிளைகள் இப்படி ஒரு மணித்தியாலம் இருந்ததை நான் அதற்கு முன் செத்த வீட்டில்கூடக் கண்டதில்லை.

பேசித்தான் ஆக வேண்டுமா? காசு கட்ட வேண்டுமா?

பேச வேண்டியதில்லை. “கேட்க வந்தேன்” என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். நான் ஐந்தாம் கிழமைதான் வாய் திறந்தேன். கட்டணமும் இல்லை. ஏ.ஏ. குழுக்கள் வெளியாரிடம் நன்கொடை வாங்குவதில்லை. முடிவில் ஒரு பேணி சுற்றி வரும், இருப்பவர் இருபதோ ஐம்பதோ போடுவார், இல்லாதவர் பேணியை அடுத்தவரிடம் கொடுப்பார். தேயிலையும் சீனியும் அதில்தான்.

நான் கோயிலில் சத்தியம் பண்ணி விடப் போகிறேன். குழு எதற்கு?

வற்றாப்பளை அம்மனிடமும் மடு மாதாவிடமும் சத்தியம் பண்ணிக் குடியை விட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்களை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் சத்தியம் பெரும்பாலும் ஒரு திகதியோடு வருகிறது. பொங்கல் முடியும்வரை, திருவிழா முடியும்வரை, ஒரு வருடம். அந்தத் திகதிக்கு மறுநாள் காலை ஐந்து மணிக்கே கடை வாசலில் நின்றவர்களை எனக்குத் தெரியும். சத்தியம் முறிந்தால் இன்னொரு கேடும் இருக்கிறது: தெய்வக் குற்றம் என்ற பயத்தில் கோயில் பக்கமே போகாமல் இன்னும் குடிப்பார்கள். குழுவில் சொல்வது அதற்கு எதிர்ப்பக்கம், இன்றைக்கு மட்டும் குடிக்காமல் இருப்போம் என்பது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொள்வதில் தடை ஏதும் இல்லை. ஏ.ஏ. யின் வழிகாட்டியான பன்னிரண்டு படிகளில் இறைவன் என்ற சொல் வருகிறது, ஆனால் அவரவர் புரிந்துகொண்டபடி என்ற சேர்க்கையோடு. கடவுள் நம்பிக்கை இல்லாத ஒருவர் எங்கள் குழுவையே தன்னிலும் பெரிய சக்தி என்று வைத்துக்கொண்டு நாலு வருடமாக வருகிறார்.

குடிக்காவிட்டால் நித்திரை இல்லை. கண்ணை மூடினால் 2009தான் வருகிறது. அதையும் குழுவில் சொல்ல வேண்டுமா?

வேண்டாம், உங்களுக்கே சொல்ல வேண்டும் போல் இருந்தால் ஒழிய. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், போர் வன்னி மக்களிடம் விட்டுச் சென்றதைத் தனியாளின் நோயாக மட்டும் பார்க்காமல் ஒரு சமூகம் முழுவதற்கும் ஏற்பட்ட மனவடுவாக எழுதினார். குழுவில் உட்கார்ந்தால் அது விளங்கும்: குடியைப் பற்றிப் பேசத் தொடங்கிய ஒருவர் இறுதிப் போர் நடந்த மாத்தளன் வரை போய் நிற்பார், மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்தக் காயத்தை ஆற்றுவதற்கு ஆதரவுக் குழு மட்டும் போதாது; திடுக்கிட்டு எழும்புவது, சத்தம் கேட்டால் பதுங்குவது, சாக வேண்டும் என்ற எண்ணம் வருவது ஆகியவற்றை மனநல வைத்தியரிடம் தனியாகச் சொல்லுங்கள். சாகும் எண்ணம் வந்தால் கிளினிக் நாள்வரை காத்திருக்க வேண்டாம். 1926 இற்கு அப்போதே பேசுங்கள், வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் இருக்கச் சொல்லுங்கள். சாராயம் நித்திரையைக் கொண்டுவருவது போல் தோன்றும், ஆனால் நடுச்சாமத்தில் அதுவே எழுப்பிவிடும். விட்ட முதல் கிழமைகளில் நித்திரை இன்னும் கெட்டு, பிறகுதான் மெல்லத் திரும்பும். இதை முன்கூட்டியே எனக்கு யாராவது சொல்லியிருந்தால் முதல் முறையே தப்பியிருப்பேனோ என்று சில வேளை நினைப்பதுண்டு.

பெண்கள் வரலாமா?

வரலாம். குடிக்கும் பெண்கள் இங்கே இல்லை என்று ஆண்கள் சொல்வார்கள். கிளினிக்கில் கேட்டால் வேறு கதை வரும். ஆண்கள் நடுவில் பேசக் கூசினால் பெண் உளவளத்துணையாளரிடமோ தொலைபேசிக் கூட்டங்களில் பெண்களுக்கென்று நடப்பவற்றிலோ தொடங்கலாம். குடிப்பவரின் மனைவி, தாய், பிள்ளைகளுக்கான குழுக்கள் தனி. அல்-அனான் என்ற பெயரில் அவை 1951 முதல் உலகில் நடக்கின்றன. இங்கே பல ஊர்களில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்த பின் நாலைந்து பேர் பொதுநோக்கு மண்டபத்திலேயே இருந்து கதைப்பதுதான் அந்தக் குழு. கணவர் இன்னும் குடித்துக்கொண்டிருந்தாலும் மனைவி தன் பாட்டுக்குப் போகலாம், அவருடைய அனுமதியோ திருத்தமோ அதற்கு முன்நிபந்தனை அல்ல.

அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் மருந்து கலந்து கொடுக்கலாமா?

கூடாது. டைசல்பிரம் என்ற மருந்து எடுத்தவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் இறங்கும். இதய நோயாளிக்கு அது உயிராபத்து. தெரிந்து, சம்மதித்து, வைத்தியர் பார்வையில் எடுப்பவருக்கு மட்டுமே அது மருந்து. என்ன மூலிகை என்றே சொல்லாமல் விற்கும் தூள்களைப் பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை, வாங்காதீர்கள் என்பதைத் தவிர.

குடித்துவிட்டு அடிக்கிறார். குழுவுக்கு அனுப்பினால் நிற்குமா?

அதை நம்பிக்கொண்டு அடி வாங்க வேண்டாம். குடியை விட்ட பின்னும் அடிக்கும் ஆண்களை நான் பார்த்திருக்கிறேன். குடி வேறு, அடி வேறு. 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, அவசரத்துக்குப் பொலிஸ் 119. அவர் குழுவுக்கு வருவது அவருடைய காரியம், நீங்களும் பிள்ளைகளும் பாதுகாப்பாக இருப்பது அதற்கு முந்திய காரியம்.

கலியாண வீடு, எட்டுச்செலவு, அறுவடை முடிந்த கூலி நாள். எப்படித் தப்புவது?

குழுவில் அதிகம் பேசப்படுவது இதுதான், பன்னிரண்டு படிகளைவிட. எட்டுச்செலவில் செத்தவருக்குப் படைத்த சாராயத்தை “அண்ணைக்காக ஒரு மிடறு” என்று நீட்டுவார்கள். வைரவர் பொங்கலிலும் அப்படியே. மறுத்தால் செத்தவரை மறுத்தது போல் ஆகிவிடும். எங்கள் குழுவில் ஒருவர் இதற்குக் கண்டுபிடித்த வழி, படையலுக்கு முன்பே போய்த் தேங்காய் துருவுவது, இலை போடுவது, பந்தி பரிமாறுவது என்று கையை வேலையில் வைத்துவிட்டு, படைத்தவுடன் கும்பிட்டு விபூதி எடுத்துக்கொண்டு வெளிக்கிடுவது. “மருந்து எடுக்கிறன், கூடாது” என்ற ஒரு வசனம் போதும், என்ன மருந்து என்று விளக்கத் தொடங்கினால் சிக்கிவிடுவீர்கள். “மச்சான், ஒண்டுதானே” என்கிறவர் கெட்டவர் இல்லை. நீங்கள் விட்டால் தான் தனித்துப்போவேன் என்று அவருக்குப் பயம்.

கூலி நாள் பற்றி: நெல் வெட்டி முடிந்து கணக்குப் பார்க்கும் அன்றும், கரைவலைப் பங்கு பிரிக்கும் அன்றும் கையில் காசும் உடம்பில் அலுப்பும் ஒன்றாகச் சேருகின்றன. அந்த இரண்டும் சேர்ந்தால் யாருக்கும் கால் அந்தப் பக்கம்தான் திரும்பும். கூலியை மனைவியோ மகனோ வந்து வாங்கட்டும், இரண்டு மூன்று மாதத்துக்காவது. நீங்கள் முதலில் வயிறு நிறையச் சாப்பிடுங்கள். பசித்த வயிற்றில் எழும் ஆசைதான் பொல்லாதது.

ஆறு மாதம் விட்டிருந்து மறுபடி குடித்துவிட்டேன். எந்த முகத்தோடு போவது?

அதே முகத்தோடு. எங்கள் குழுவில் மறுபடி குடித்து வந்தவரைக் கண்டால், தாடிக்கார ஐயா கேட்பது இன்றைக்கும் சீனியைப் பற்றித்தான். அந்த ஆறு மாதம் அழிந்து போகவில்லை; எந்த நாள், யாரோடு, எதற்குப் பிறகு என்று பார்த்தால் அடுத்த முறை காக்க வேண்டிய இடம் தெரியும். பல நாள் தொடர்ந்து குடித்திருந்தால் மட்டும் மறுபடி திடீரென்று நிறுத்தாமல் வைத்தியரிடம் போங்கள். நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேற் போன்ற ஆசையைக் குறைக்கும் மருந்துகள் உங்களுக்குப் பொருந்துமா என்றும் அப்போது கேட்கலாம்.

இதனால் உண்மையில் பயன் உண்டா? எவ்வளவு காலம் போக வேண்டும்?

2020 இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளை, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டவற்றை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. ஏ.ஏ. யோடு இணைக்கும் சிகிச்சைக்குப் போனவர்களில் ஓராண்டின் பின்னும் முழுமையாகக் குடியை விட்டிருந்தவர்கள் ஏறத்தாழ 42 வீதம். மற்ற உளவியல் சிகிச்சைகளுக்குப் போனவர்களில் 35 வீதம். அந்த ஆய்வுகள் பெரும்பாலும் அமெரிக்காவில் நடந்தவை, எங்கள் முன்பள்ளியை யாரும் அளக்கவில்லை. 42 என்றால் பாதிக்கும் குறைவு என்று ஒருவர் சொன்னார். நான் என் பங்குக்குச் சொன்னது, தனியே நிறுத்தியபோது இரண்டில் இரண்டும் தோற்றேன் என்பதுதான். முதல் மூன்று மாதம் ஒரு கிழமையும் விடாமல் போங்கள். அதன் பின் எவ்வளவு என்பதை யாரும் உங்களுக்குச் சொல்லத் தேவையிருக்காது.

வெறியோடு வந்தால் உள்ளே விடுவீர்களா?

விடுவோம். அன்றைக்குப் பேச மட்டும் விடமாட்டோம், பின் வரிசையில் இருந்து கேட்கலாம். மோட்டார் சைக்கிள் திறப்பை உள்ளே வரும்போதே உமலுக்குள் போட்டுவிட வேண்டும். கூட்டம் முடிந்ததும் யாராவது ஒருவர் உங்களை ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விடுவார். திறப்பு மறுநாள் காலை, நீங்கள் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் வரும்.